ஓய்ந்துபோன ஒரு சபையின் வரலாற்றைத் திரட்டுவது எப்படி

திருகோணமலையில் ஒருகாலம் கூட்டம் பொங்கி, பிறகு ஆளில்லாமல் போன புதிய சமயக் குழு ஒன்றைப் பற்றி எழுதுகிறவர் போதனையைப் பிறகு பார்க்கலாம். முதலில் காணியைப் பிடியுங்கள்.

காணிப் பதிவகத்தில் தேடக் காணியின் பெயர், பரப்பு, நான்கு எல்லை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பக்கத்து வளவுக்காரரின் உறுதிப் பத்திரத்தைக் கேளுங்கள். அதில் இந்தக் காணி ஓர் எல்லையாக இருக்கும். தரும சாதனமா (பொதுத் தருமத்துக்கு எழுதிய உறுதி), குருவின் சொந்தப் பெயருக்கு நன்கொடையா என்று பாருங்கள். சொந்தப் பெயரென்றால் அவர் கண்மூடியதும் காணி உரிமைக்காரருக்குப் போயிருக்கும். அநேகமாகப் பிளவும் அங்கேதான். அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியென்றால் பிரதேச செயலகக் காணிப் பிரிவுக்குப் போங்கள்.

'எந்த வருசம்?' என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். '83 கலவரத்துக்கு முன்னா, 90 இடப்பெயர்வுக்குப் பிறகா, சுனாமியின்போது கொட்டில் இருந்ததா, 2006 மாவிலாறு சண்டைக்குப் பிறகு யார் திரும்பி வந்தார்கள்?' என்று கேளுங்கள். இறந்த அடியார்களின் நினைவுக் கல்வெட்டுகளையும், அதாவது அவர்கள் நினைவாக அச்சிட்ட சிறு நூல்களையும், தேடுங்கள். 'இன்ன ஆண்டில் சபையில் இணைந்தார்' என்ற ஒரு வரி அதில் கிடைக்கலாம். 'நூலகம்' (noolaham.org) இணையத்தளத்திலும் இப்படிப் பல கல்வெட்டுகள் உண்டு.

ஆயிரம் பேர் வந்ததாகச் சொல்வார்கள். மண்டபத்தை அளந்து பாருங்கள்: 20க்கு 30 அடி என்றால் 600 சதுர அடி. பாயில் நெருக்கி இருந்தாலும் ஆளுக்கு 5 சதுர அடி வேண்டும். 120 பேருக்கு மேல் உள்ளே கொள்ளாது.

கோபித்துக்கொண்டு விலகியவர் தொடக்கத்திலிருந்தே எல்லாம் மோசம் என்பார். கடைசிவரை நின்றவர் வெளியாரைக் குறை சொல்வார். இருவருக்கும் நடுவில் பொருளாளரின் கணக்குக் கொப்பி. அரிசி மூட்டை, ஒலிபெருக்கி வாடகை, கரண்ட் பில் மாதாமாதம் எப்படிக் குறைந்தன என்று குறித்தெடுத்தால் சரிவு தொடங்கிய மாதம் தெரியும். சரிவை வாயால் ஒத்துக்கொள்வதோ வெகு பிந்தி.

'குரு சொன்ன வாக்குப் பொய்த்தது, சபை கலைந்தது' என்று அவசரப்பட்டு எழுதாதீர்கள். அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22இல் கிறிஸ்து வருவாரென்று காத்திருந்தார்கள். வரவில்லை. பலர் விலகினார்கள், மிஞ்சியவர்களில் ஒரு பகுதியினரிடமிருந்துதான் 1863இல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை அமைந்தது. ஆகவே வாக்குப் பொய்த்த மறுவாரம் யார் கூட்டம் கூட்டினார், மண்டபத்தின் திறப்பு (சாவி) யார் கையில் இருந்தது என்று விசாரியுங்கள்.

உயிரோடிருக்கும் சாதாரண அடியார்களின் பெயரை அச்சில் போட வேண்டாம். கொப்பியைப் படமெடுத்ததும் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிந்தினால் அடுத்த வீட்டுக் கதவு திறக்காது.