ராஜினாமா மெயிலுக்கு முன் எடுத்துவைக்க வேண்டியவை

சேலம் ஜாகீர் அம்மாபாளையம் ஐ.டி. பார்க்கோ, ஐந்து ரோட்டில் மாடியில் நடக்கும் இருபது பேர் கம்பெனியோ, நிர்வாகம் சரியில்லாத இடத்தில் ராஜினாமா மெயில் போன அன்று சாயங்காலமே லாகின் முடங்கிவிடலாம். பேஸ்லிப்பெல்லாம் உள்ளே மாட்டிக்கொள்ளும். அதனால் காகிதம் முதலில், மெயில் பிறகு.

பி.எஃப்.பில் தொடங்குங்கள். பேஸ்லிப்பில் பிடித்தம் இருந்தாலே பணம் கட்டியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. உமங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்து மாதவாரியாக ஒப்பிடுங்கள். ஒரு மாதப் பணம் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்புக்கே கணக்குப் போடும் கம்பெனி என்றால் உங்கள் பங்கு 1,800. கம்பெனி பங்கு வெறும் 550 என்று தெரிந்தால் பதற வேண்டாம். மீதி 1,250 பென்ஷனுக்குப் போகிறது. காலியாக இருக்கும் மாதங்கள்தான் சிக்கல். யு.ஏ.என்.னில் (உங்கள் பி.எஃப். கணக்கு எண்) இருப்பது உங்கள் மொபைல் எண்தானா என்றும் பாருங்கள். ஹெச்.ஆர். எண்ணாக இருந்தால் ஓ.டி.பி. அங்கேதான் போகும்.

டி.டி.எஸ். (சம்பளத்திலேயே பிடிக்கும் வருமான வரி) பிடித்தார்களா? வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைப் பாருங்கள். வரவில்லையென்றால் பிடித்ததற்குச் சாட்சி பேஸ்லிப்பும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும்தான். அவற்றோடு ஆஃபர் லெட்டர், பாண்ட் நகல் போதும். சாஃப்ட்வேர் கோட், கிளையன்ட் ஃபைல் எதையும் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். பாக்கிச் சம்பளம் கேட்கும்போது கம்பெனி அதைத்தான் முதலில் கையில் எடுக்கும்.

ராஜினாமாவை வாயால் சொல்லாதீர்கள். "இருங்க, ஏற்காடு அவுட்டிங் முடியட்டும், பேசிக்கலாம்" என்பார்கள். (சம்பள பாக்கி இருக்கும்போதே இருபது கொண்டை ஊசி வளைவு ஏறக் காசு எப்படியோ கிடைக்கும்.) மெயிலில் கடைசி வேலை நாளைத் தேதியாகவே எழுதி, சொந்த மெயிலுக்கு பி.சி.சி. வையுங்கள். லேப்டாப்பைக் கொடுக்கும்போது சீரியல் எண்ணோடு ரசீது வாங்குங்கள். ஒரிஜினல் சான்றிதழ் அவர்களிடம் இருந்தால், எவையெவை என்று பட்டியலிட்டு மெயிலிலேயே திருப்பிக் கேளுங்கள்.

கணக்கு முடிக்க 45 நாள் ஆகும் என்பது கம்பெனிப் பழக்கம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்குச் சம்பள பாக்கியை 2 வேலை நாளில் கொடுக்க வேண்டும். இந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டு ஒரு நினைவூட்டல் மெயில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்துமூலம் மனு கொடுங்கள்.

பி.எஃப். புகாரை அதன் குறைதீர்ப்புத் தளத்தில் பதியலாம். சேலத்தில் மண்டல அலுவலகம் இருக்கிறது. ஆனால் கம்பெனியின் பி.எஃப். நிறுவன எண் 'பி.ஜி.' என்று தொடங்கினால் கம்பெனி பெங்களூருவில் பதிவானது, புகாரும் அங்கேதான் போக வேண்டும். மாற்றி அனுப்பினால் வாரக்கணக்கில் அலைச்சல்.

வேலையை விட்ட தேதியைக் கம்பெனி பதியாமல் இழுத்தடித்தால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து யு.ஏ.என். தளத்தில் நீங்களே பதிந்துவிடலாம்.