மேலாளர்களுக்கு வியூகமாக யோசிக்கப் பழக்குவது எப்படி?

அன்றாட வேலையைக் கச்சிதமாக முடிப்பவரைத்தான் மேலாளர் ஆக்குகிறோம். அவரிடமே 'அடுத்த மூன்று வருஷத்துக்கு என்ன திட்டம்?' என்று கேட்டால், இந்த மாத விற்பனைக் கணக்கைத் திறப்பார். திறமைக் குறைவு இல்லை, அப்படி யோசிக்க யாரும் அவரைப் பழக்கவில்லை. நீங்கள் பழக்கலாம்.

படி 1: நேரம் ஒதுக்குங்கள்

கடந்த இரண்டு வாரக் காலண்டரை எடுத்து, ஒரு வருஷம் கழித்தும் பலன் தரக்கூடிய வேலைகளை மட்டும் அவரையே வட்டமிடச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டுதான் தேறும். அப்புறம், யோசிப்பதற்கென்றே வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கிக் கொடுங்கள்.

படி 2: 'புது ஆள் வந்தால்?'

எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி இது. 1985-இல் இன்டெல்லின் மெமரி சிப் தொழில் ஜப்பானிய நிறுவனங்களின் போட்டியில் திணறிக்கொண்டிருந்தது. 'நம்மை நீக்கிவிட்டுப் புது ஆளைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார்?' என்று இன்டெல்லின் பிரெசிடென்ட் ஆண்டி குரோவ், அதன் தலைமைச் செயல் அதிகாரி கோர்டன் மூரிடம் கேட்டார். 'மெமரியை விட்டுவிடுவார்' என்றார் மூர். அதை நாமே செய்தால் என்ன என்றார் குரோவ். செய்தார்கள், கணினியை இயக்கும் சிப்பான மைக்ரோபிராசசரில் கவனம் திரும்பியது. இத்தனைக்கும் நிறுவனம் வளர்ந்ததே மெமரியை வைத்துத்தான்.

இதே கேள்விக்கு உங்கள் மேலாளரை எழுத்தில் பதில் தரச் சொல்லுங்கள். முதல் பதில் அநேகமாக 'இன்னும் நாலு ஆள் எடுப்பார்' என்றுதான் வரும். புதியவருக்கும் இதே ஆட்கள், இதே பட்ஜெட்தான் என்று சொல்லித் திருப்பிக் கொடுங்கள். இரண்டாவது பதிலில்தான் விஷயம் இருக்கும்.

படி 3: எதை விடப்போகிறோம்?

'தரத்தைக் கூட்டுவோம்' என்பது ஆசை, வியூகம் அல்ல. 'தரத்தைக் குறைப்போம்' என்று எந்த நிறுவனமும் சொல்லாதே! மேலாளர் எழுதும் திட்டத்தின் ஒவ்வொரு வரியையும் இப்படித் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 'சிறிய ஆர்டர்களை எடுக்கமாட்டோம்' என்பது நிஜமான தேர்வு, ஏனென்றால் சிறிய ஆர்டர்களையே நம்பிப் பிழைக்கும் நிறுவனங்களும் உண்டு.

படி 4: தோல்வியை முன்கூட்டியே எழுதுங்கள்

உளவியலாளர் கேரி கிளைன் பிரபலப்படுத்திய முறை. 'ஒரு வருஷம் ஆயிற்று, திட்டம் படுத்துவிட்டது. ஏன்?' என்று குழுவிடம் கேளுங்கள். பேசுவதற்கு முன் எல்லோரும் தனித்தனியே எழுதட்டும். தலைவர் கடைசியில் பேசட்டும்.

படி 5: முடிவுக் குறிப்பேடு

தேதி, எடுத்த முடிவு, அதற்கான காரணம், எதிர்பார்க்கும் பலன். மேலாளர் இவ்வளவு எழுதினால் போதும். ஆறு மாதம் கழித்து இருவரும் சேர்ந்து படியுங்கள். லாபம் வந்ததா என்பதோடு நிறுத்தாமல், அன்று எழுதிய காரணத்தால்தான் வந்ததா என்றும் கேளுங்கள். அந்தக் குறிப்பேட்டைச் சம்பள உயர்வுப் பேச்சுக்குள் மட்டும் கொண்டுவராதீர்கள். கொண்டுவந்தால் அடுத்த முறை மனதில் பட்டதை எழுதமாட்டார்.