மட்கிய மரத்தில் முளைத்த காளானை அடையாளம் காணும் முறை

மட்கிய கட்டையில் காளானைக் கண்டதும் பெரும்பாலோர் மேலிருந்து ஒரு படம் எடுப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். குடையின் நிறம் மழையாலும் வெயிலாலும் வயதாலும் மாறக்கூடியது. உறுதியான தடயங்கள் குடையின் அடியிலும் தண்டின் அடியிலும், குடையிலிருந்து உதிரும் நுண்ணிய வித்துத்தூளிலும்தான் உள்ளன. இந்த விளக்கம் பெயரறிவதற்கு மட்டுமே. இதை நம்பி எந்தக் காளானையும் உண்ணக் கூடாது.

முதற்படி: மரத்தைக் கவனியுங்கள். அது உயிருள்ள மரமா, விழுந்த கட்டையா, அகன்ற இலை மரமா, ஊசியிலை மரமா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மரம் வெளிறி, நாராகவும் பஞ்சுபோலவும் ஆகியிருந்தால் அது வெண்மட்கல். பழுப்பேறிச் சிறு கட்டங்களாக வெடித்து, விரலால் நசுக்கினால் பொடியாகுமானால் அது பழுப்பு மட்கல். தரையில் முளைத்ததுபோலத் தோன்றும் காளான்கூட மண்ணுக்குள் புதைந்த வேரிலிருந்து வந்திருக்கலாம் என்பதால், அடிப்பகுதியைச் சற்றுத் தோண்டிப் பார்ப்பது நல்லது.

இரண்டாம் படி: இளையதும் முதிர்ந்ததுமாக ஓரிரண்டை, தண்டை ஒடிக்காமல், அடியோடு கத்தியால் நெம்பி எடுங்கள். தண்டில் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். வளையம் மழையில் உதிர்ந்துவிடுவதும் உண்டு. ஆகவே, அது இல்லாததை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

மூன்றாம் படி: குடையைக் கவிழ்த்துப் பாருங்கள். செவுள்கள் எனப்படும் மெல்லிய மடல்கள் இருந்தால், அவை தண்டைத் தொடாமல் நிற்கின்றனவா, அதன்மேல் வழிந்து இறங்குகின்றனவா என்று பாருங்கள். சிப்பிக் காளானில் அவை வழிந்து இறங்கும். வண்ணப் பட்டைகள் கொண்ட விசிறி வடிவக் காளானின் அடியில் நுண்துளைகள் இருந்தால் டிராமெட்டிஸ் எனவும், வழவழப்பாக இருந்தால் ஸ்டீரியம் எனவும் ஐயுறலாம்.

நான்காம் படியான வித்துப் பதிவைத்தான் தொடக்கநிலையினர் பலரும் தவிர்க்கிறார்கள். என் கணிப்பில், மற்ற எல்லாவற்றையும்விட மதிப்புள்ளது இதுவே. தண்டை வெட்டிவிட்டு, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளின்மேல் குடையை அடிப்பக்கம் கீழாக வைத்து, கிண்ணத்தால் மூடி ஓர் இரவு விடுங்கள். வெள்ளை வித்து கறுப்புத் தாளிலும், அடர்நிற வித்து வெள்ளைத் தாளிலும் தெளிவாகத் தெரியும். பதிவு இளஞ்சிவப்பாக இருந்து, செவுள்களும் தண்டைத் தொடாமலிருந்தால் புளூட்டியஸ் இனத்தை நினையுங்கள். துருப்பழுப்பாக இருந்தால் எச்சரிக்கை தேவை: மட்கிய மரத்தில் வளரும் கலேரினா மார்ஜினேட்டா அந்த நிறத் தூளையே உதிர்க்கிறது. அதிலுள்ள அமடாக்சின் என்னும் நச்சு கல்லீரலை அழிக்கவல்லது, சமைத்தாலும் சிதையாது, அறிகுறிகள் தோன்றவே பெரும்பாலும் 6 முதல் 24 மணி நேரம் ஆகும்.

வெள்ளைப் பதிவு பாதுகாப்பின் அடையாளம் அன்று. சிப்பிக் காளானுக்கு வெள்ளை அல்லது இளஊதாச் சாயல் கொண்ட சாம்பல் பதிவு கிடைக்கும் என்றாலும், மரத்திலேயே வளர்ந்து இருளில் ஒளிரும் நச்சு இனமான ஓம்ஃபலோட்டஸும் வெள்ளை முதல் வெளிர்மஞ்சள் வரையிலான தூளையே உதிர்க்கிறது.

இவ்வளவும் பார்த்த பின்னரும் பல காளான்களில் பேரினம்வரைதான் சொல்ல முடியும். சிற்றினத்தைப் பிரித்தறிய வித்துகளை நுண்ணோக்கியில் அளக்க வேண்டியிருப்பதால், பதிவெடுத்த தாளை மடித்து, நாளும் மரவகையும் எழுதி வைத்திருங்கள்.