காற்றில்லாத இடத்தில் வெல்டிங் அடிப்பது எப்படி?

கப்பலூர் சிட்கோவில் எங்கள் பட்டறைக்கு வேலை பழக வரும் பையன்கள் தவறாமல் கேட்பது இது: "அண்ணே, விண்வெளியில காத்தே இல்லையே, அங்க எப்படிப் பத்தும்?"

வெல்டிங்குக்குக் காற்றே வேண்டாம், தம்பி. ராடு மேல் இருக்கும் பூச்சு, டிக் வெல்டிங்கில் விடும் ஆர்கான் வாயு எல்லாம் உருகிய உலோகத்தைக் காற்று தொடாமல் காக்கத்தான். மேலே போனால் அந்தச் செலவே மிச்சம்.

முதலில் மிஷின். நாம் மின்பொறியால் உருக்கும் ஆர்க் அங்கே சரிப்படாது. அது நிலைத்து நிற்கக் கொஞ்சமாவது வாயு வேண்டும். எலக்ட்ரான்களைப் பாய்ச்சி உலோகத்தை உருக்கும் எலக்ட்ரான் கற்றைதான் தோது. 1969 அக்டோபரில் சோயுஸ் 6 விண்கலத்தில் சோவியத் விண்வெளி வீரர் வலேரி குபாசோவ் மூன்று முறைகளைச் சோதித்தார். அதில் தேறியது இதுதான். இங்கே பூமியில் அதற்கென ஒரு பெட்டியை மூடிக் காற்றை உறிஞ்ச வேண்டும்; அங்கே அந்த வேலை இல்லை. மின்சாரம் திரும்பிப் போக மாட்டும் எர்த் கிளாம்ப் மட்டும் அங்கேயும் மறக்கக் கூடாது.

அப்புறம் உலோகம். டைட்டானியம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அருமையாகப் பிடிக்கும். துத்தநாகம் கலந்த பித்தளை, துத்தநாகம் பூசிய இரும்புத் தகடான ஜி.ஐ. ஷீட் பக்கமே போகாதீர்கள். ஜி.ஐ.யில் அடித்தால் வெள்ளையாகப் புகை வருமே, அது அந்தத் துத்தநாகம்தான். இங்கே 907 டிகிரியில் கொதிப்பது வெற்றிடத்தில் வெகு முன்னதாகவே ஆவியாகி, பக்கத்துக் கண்ணாடியிலெல்லாம் படியும்.

முனைகளைப் பளிச்சென்று துடையுங்கள், இடைவெளியில்லாமல் சேருங்கள். அடிக்கும்போதுதான் கவனம் வேண்டும். எடை இல்லாததால் உருகிய உலோகக் குட்டை கீழே வழியாது, பரப்பு இழுவிசையே பிடித்துக்கொள்ளும். தலைக்கு மேல் அடிப்பதும் மேஜையில் அடிப்பதும் அங்கே ஒன்றுதான். ஓவர்ஹெட் அடித்துத் தோள்பட்டை வலி கண்டவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு பெரிய வரம் என்று. ஆனால் உள்ளே மாட்டிய வாயுக் குமிழியும் மிதந்து மேலே வராது. அப்படியே உறைந்து துளையாகிவிடும். அதனால் குட்டையைச் சட்டென்று உறைய விடாமல் நிதானமாக நகர்த்துங்கள். சூட்டை வாங்கிக்கொள்ளக் காற்றும் இல்லை என்பதால் ஒரே மூச்சில் நீளமாக இழுக்காமல் விட்டுவிட்டு அடியுங்கள்.

பாதத்தை முதலில் அசையாமல் மாட்டிக்கொள்ளுங்கள். 1984 ஜூலை 25 அன்று சல்யூட் 7 விண்வெளி நிலையத்துக்கு வெளியே நின்று சோவியத் விண்வெளி வீராங்கனை ஸ்வெத்லானா சவீத்ஸ்கயா வெட்டினார், பற்றவைத்தார், ஈயப்பற்று வைத்தார், பூச்சும் பூசினார். கியேவின் பாட்டன் நிறுவனம் செய்த கைக்கருவி அது. நம் தொழிலைச் செய்த அந்த அம்மாவை நினைத்தால் எனக்கு அத்தனை பெருமை!

கற்றையை விண்வெளி உடைப் பக்கமோ உங்களைக் கட்டியிருக்கும் கயிற்றுப் பக்கமோ திருப்பவே கூடாது. எக்ஸ் கதிரும் கிளம்பும் என்பதால் வோல்ட்டேஜைக் குறைத்தே வையுங்கள். முடிந்ததும் சிவப்பு அடங்கிவிட்டதே என்று கையுறையால் தொட்டுவிடாதீர்கள். உள்சூடு இறங்க நம் பட்டறையைவிட அங்கே நெடுநேரம் ஆகும்.