சிவப்புக் கட்டியை நாணயம் வைத்து அளந்த கதை

மகள் பிறந்த மூன்றாவது வாரம், குளிப்பாட்டும்போது இடது தோளில் கொசு கடித்தது போல ஒரு சிவப்புத் தடம் கண்டேன். இரண்டே மாதத்தில் அது பழுத்த கோவைப்பழம் போலப் புடைத்துவிட்டது. கிரகண தோஷம் என்றார் மாமியார். ஹெமாஞ்சியோமா என்றார் மருத்துவர். ரத்தக்குழாய்கள் பெருகி உண்டாகும் கட்டி, புற்றுநோய் அல்ல.

வாரம் ஒருமுறை பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுங்கள். (எடுத்ததும் நாணயத்தை அப்புறப்படுத்துங்கள், நேரே வாய்க்குத்தான் போகும்.) முதல் ஐந்து மாதங்களில்தான் வளர்ச்சி வேகம். பிறகு நடுவில் சாம்பல் பூத்து, சில ஆண்டுகளில் மெல்ல வற்றும்.

குழந்தையின் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நான் பதற்றத்தில் மூன்று முறை எடுத்துப் பார்த்தேன், மூன்று முறையும் மறுபடி கசிந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் அடுப்படியிலேயே இருக்கட்டும்.

கண்ணருகே, மூக்கு நுனி, உதடு, தாடையில் இருந்தாலோ, புண்ணானாலோ, உடலில் ஐந்துக்குக் குறையாமல் இருந்தாலோ காத்திருக்காதீர்கள். கடைசி வகைக்கு ஈரலையும் ஸ்கேன் செய்து பார்ப்பார்கள்.

ப்ரோப்ரனோலால் இதய மருந்து. இந்தக் கட்டியையும் அது சுருக்குவதை 2008இல் பிரான்சின் போர்தோ மருத்துவர்கள் வெளியிட்டார்கள். மருத்துவர் எழுதித் தந்தால் பாலூட்டும்போதோ ஊட்டியவுடனோ கொடுங்கள். குழந்தை வாந்தி எடுத்தாலோ பால் குடிக்க மறுத்தாலோ அந்த வேளை நிறுத்திவிட்டு அவரை அழையுங்கள். வெறும் வயிற்றில் இந்த மருந்து போனால் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும்.