திருச்சி எப்படி ‘சிலுசி’ ஆனது: டோக்கி போனா உச்சரிப்பு, படிப்படியாக

கனடாவைச் சேர்ந்த சோஞ்சா லாங் 2001இல் வெளியிட்ட செயற்கை மொழி டோக்கி போனா. சுமார் 120 சொற்கள், 14 எழுத்துகள், அவ்வளவுதான். ஒலிகளை மட்டும் ஒரு மாலையில் பிடித்துவிடலாம். எனக்கு மூன்று வாரம் ஆனது. காரணம் ஒரே ஒரு எழுத்து. அது எது என்று பிறகு சொல்கிறேன்.

முதல் படி: நம் எழுத்திலேயே ஒரு பட்டியல் போடுங்கள். உயிர் ஐந்து: அ, எ, இ, ஒ, உ. மெய் ஒன்பது: ப், த், க், ஸ், ம், ன், ல், வ், ய். நெடில், குறில் வேறுபாடு இங்கே பொருளை மாற்றாது. பல், பால் சிக்கல் கிடையாது. ‘மா’ என்றாலும் ‘ம’ என்றாலும் நிலம்தான். ர, ல இரண்டும் ஒன்றுதான். ஐ, ஔ இல்லை.

இரண்டாம் படி, என்னைக் கவிழ்த்த இடம். இந்த மொழியைப் பெரும்பாலும் ரோமன் எழுத்தில் எழுதுகிறார்கள். அதில் வரும் ‘ஜே’ எழுத்தை நான் ‘ஜ’ என்றே படித்தேன். மனிதர் என்பதற்கு ‘ஜான்’, மஞ்சளுக்கு ‘ஜெலோ’. மனப்பாடமும் செய்தாயிற்று. ஒருநாள் ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டபோதுதான் அது ‘யான்’, ‘யெலோ’ என்று தெரிந்தது. ‘யெலோ’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஆங்கிலத்து மஞ்சள் தானாக வந்துவிடும். ‘யான்’ சீனத்தின் கான்டனீஸ் மொழிச் சொல். ஒலி சரியாக இருந்திருந்தால் பாதிச் சொற்களை மனப்பாடமே செய்திருக்க வேண்டாம். அதனால் சொற்பட்டியலைத் தொடுவதற்கு முன்னால் ஒரு பேனாவை எடுத்து, ‘ஜே’ வரும் இடத்திலெல்லாம் மேலே ‘ய’ என்று எழுதிவிடுங்கள்.

மூன்றாம் படி: க, த, ப. இங்கே நமக்குத்தான் வசதி. ‘காகம்’ என்பதில் முதல் க வேறு, இரண்டாவது க வேறு. நமக்கு எழுத்து ஒன்றுதான். டோக்கி போனாவும் அப்படியே, க் என்றாலும் அதன் மென்மையான ஒலி என்றாலும் சொல் மாறாது. ஆனால் இரண்டு பள்ளங்கள் உண்டு. ‘சகோதரன்’ என்று சொல்லும்போது க ஹவாகக் கரைகிறதே, அப்படிக் கரைய விடக் கூடாது. அதைத் தவிர்ப்பதற்காக ‘டோக்கி’ என்று ஒற்றைப் போட்டு அழுத்தவும் கூடாது. இந்த மொழியில் இரட்டிப்பு இல்லை, அழுத்தம் எப்போதும் முதல் அசையில்தான். தலைப்பில் நானே ‘டோக்கி’ என்று எழுதியிருக்கிறேன், தமிழில் அதைவிட நல்ல வழி தெரியவில்லை. தமிழ் எழுத்தை முதல் வாரம் மட்டும் ஊன்றுகோலாக வைத்துக்கொண்டு பிறகு விட்டுவிடுங்கள் என்பேன்.

நான்காம் படி: அசை. ஒரு மெய், ஓர் உயிர், விரும்பினால் கடைசியில் ஒரு ன். வேறு எந்த மெய்யிலும் அசை முடியாது. மெய் இல்லாத அசை சொல்லின் முதலில் மட்டும் வரும். யி, வு, வொ, தி நான்கும் தடை. கணக்குப் போட்டால் 46 அசைகள், ன் சேர்த்தால் இன்னொரு 46.

வு, வொ தடையைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வகரம் உ, ஊ, ஒ, ஓவோடு சேர்ந்து சொல்லுக்கு முதலில் வராது என்று தொல்காப்பியம் சொல்கிறது. ‘வோட்’ நம் வாயில் ‘ஓட்டு’ ஆனது வேறெதனால்? நமக்குச் சொல்லின் முதலில் மட்டும் தடை, ‘வரவு’ எல்லாம் தாராளமாக வரும். அங்கே எந்த இடத்திலும் கூடாது.

ஐந்தாம் படி: ஊர்ப்பெயரை மாற்றிப் பழகுங்கள். ஒலி விதிகள் கைக்கு வர இதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை. கனடா ‘கனதா’. பாரதம் ‘பலதா’. அர்ஜென்டினாவில் தி வரக்கூடாதே, அதனால் ‘அலென்சினா’. இப்போது திருச்சி: தி போய் சி, ரு போய் லு, ச்சி போய் சி. சிலுசி! சென்னையில் ன்ன தடை, ஐயும் இல்லை. நான் ‘செனே’ என்று வைத்தேன்.

இரண்டு உயிர் அடுத்தடுத்து வந்தால்? பள்ளியில் படித்த உடம்படுமெய்யை எடுங்கள். வியட்நாம் ‘வியே’: இகரத்துக்குப் பின் ய். தாய்லாந்து ‘தவி’: அகரத்துக்குப் பின் வ். ‘இன்தொனேசியா’ நாம் எழுதுவது போலவே இருக்கிறது.

கருவிகள் பற்றி ஒரு வார்த்தை. பன்னாட்டு ஒலிப்பு அட்டவணையைத் தொடக்கத்திலேயே திறக்காதீர்கள், ஒன்பது மெய்க்கு அது அதிகம். சொற்களை மனப்பாடம் செய்ய உதவும் அட்டைச் செயலிகளும் எனக்குப் பிடிக்கவில்லை, அவை கண்ணுக்குத்தான் பாடம் நடத்துகின்றன. கைப்பேசியில் உங்கள் குரலைப் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். வெட்கமாக இருக்கும், ஆனால் பிழை உடனே காதில் விழும்.

பின்சேர்க்கை: எண்ணைக் குறிக்கும் ‘நன்பா’வை நண்பா என்று படிப்பதாக ஒருவர் எழுதியிருந்தார். நானும் அப்படித்தான் படித்தேன்! ண் வேண்டாம். பப்புவா நியூ கினியாவில் பேசும் டோக் பிசின் மொழியின் ‘நம்பா’ என்ற சொல்லிலிருந்து வந்தது, பகரத்துக்கு முன் ன் மெல்ல ம் ஆனாலும் யாரும் கேட்க மாட்டார்கள். நேரத்துக்கான ‘தென்பொ’ வாயில் ‘தெம்பொ’ ஆவதும் அப்படித்தான்.

இன்னொரு பின்சேர்க்கை, ஒரு கேள்விக்கு: “தமிழ் என்ற பெயரை டோக்கி போனாவில் எப்படி எழுதுவது?” ழ இல்லை, ல் வைத்தால் அசை அதில் முடிய முடியாது. ‘தமிலு’ என்று ஓர் அசையைக் கூட்டலாம். எனக்கு அசையைக் கூட்டுவதைவிட மெய்யை விடுவது பிடிக்கும், அதனால் ‘தொகி தமி’ (தமிழ் மொழி) என்றே எழுதுகிறேன். ழகரத்தை விட்டுக்கொடுத்ததற்காக ஏற்கெனவே இரண்டு பேரிடம் திட்டு வாங்கியாயிற்று.