454 பிக் பிளாக்குக்கு எந்த மேனிஃபோல்ட்? என் அனுபவம்

சிங்கப்பூரில் பழைய கார்களுக்கான கிளாசிக் வாகனத் திட்டத்தில் இருக்கும் என் பழைய செவர்லேயில் 454 பிக் பிளாக், அதாவது 454 கன அங்குல பெரிய வி8 எஞ்சின். கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் காற்று-பெட்ரோல் கலவையைக் கொண்டுபோவது இன்டேக் மேனிஃபோல்ட்; சிங்கிள் பிளேன் வகையைப் போட்டுத்தான் எனக்கு விற்றார்கள். பச்சை விழுந்து பெடலை மிதித்தால் ஒரு கணம் திணறும், 3,500 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்று) தாண்டிய பிறகுதான் உயிர் வரும். புக்கிட் தீமா சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் வண்டிக்கு இது சரிப்படாது.

கார்புரேட்டரை எவ்வளவு டியூன் செய்தாலும் தீரவில்லை. சிங்கிள் பிளேனில் எட்டு சிலிண்டருக்கும் ஒரே பொது அறை. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது காற்றின் வேகம் குறைந்து, பெட்ரோல் சரியாகக் கலக்காது. டூயல் பிளேனில் அறை இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு பாதியும் ஃபயரிங் ஆர்டரில் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) ஒன்றுவிட்டு ஒன்றாக நான்கு சிலிண்டருக்கு ஊட்டும். அதனால் இழுவை கீழேயே கிடைக்கும்.

எடெல்பிராக் நிறுவனத்தின் 'பெர்ஃபார்மர் ஆர்.பி.எம்.' என்ற டூயல் பிளேன் வகையைத் தேர்ந்தெடுத்தேன், 1,500 முதல் 6,500 சுற்று வரைக்கானது. என் கேமுக்கு (வால்வுகளைத் திறக்கும் தண்டு) அது தாராளம், டிராக் ரேஸ் ஸ்ட்ரிப்பிலும்கூட.

வாங்கும் முன் சிலிண்டர் ஹெட்டைப் பாருங்கள், கலவை நுழையும் துளை ஓவல் போர்ட்டா, செவ்வக போர்ட்டா என்று. பிளாக் டால் டெக்காக (உயரம் கூடியதாக) இருந்தால் மேனிஃபோல்டே வேறு. பானட் இடிக்குமா என்று அறிய, ஏர் கிளீனர் மேல் களிமண் உருண்டை வைத்து மெல்ல மூடினேன். ஒரு விரல் தடிமனில் நசுங்கி நின்றது, போதும். மேனிஃபோல்டைப் பொருத்தும்போது முன்னும் பின்னும் கார்க் சீலை விட்டுவிட்டு சிலிக்கான் பூசினோம்; ஆயில் கசியவில்லை.

இப்போது 2,000-லேயே இழுக்கிறது. 7,000 வரை சுற்றவிடும் எஞ்சின் என்றால் சிங்கிள் பிளேனே இருக்கட்டும்.